இன்ஷூரன்ஸ் பேனலில் சேர்வது எப்படி? அமெரிக்காவில் உள்ள தமிழ் தெரபிஸ்ட்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நியூஜெர்சியில் ஒரு சின்ன கவுன்சலிங் கிளினிக்கின் அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேரும் தெரபிஸ்ட்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பேனலில், அதாவது அவர்களோடு ஒப்பந்தம் போட்ட தெரபிஸ்ட்களின் பட்டியலில், சேர்க்கும் கிரெடென்ஷியலிங் வேலையும் என்னுடையதுதான். இது தெரிந்ததிலிருந்து, இங்கே லைசென்ஸ் வாங்கிய தமிழ் கவுன்சலர்கள், சோஷியல் வொர்க்கர்கள், சைகாலஜிஸ்ட்கள் என்று யாராவது போன் செய்தபடி இருக்கிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியையும், நான் சொல்லும் பதிலையும் கீழே எழுதியிருக்கிறேன். சில விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. "லைசென்ஸ்தான் வாங்கியாச்சே அக்கா, அப்புறம் எதுக்கு கிரெடென்ஷியலிங்? ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை. லைசென்ஸ் மாநில அரசு தருவது. இந்தத் தொழிலைச் செய்யலாம் என்று உங்களுக்குக் கிடைத்த அனுமதி. கிரெடென்ஷியலிங் என்பது, நீங்கள் சொல்வதெல்லாம் உண்மைதானா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி தானே விசாரிப்பது. நீங்கள் அனுப்பும் ஜெராக்ஸை வைத்து அவர்கள் முடிவு செய்ய மாட்டார்கள். லைசென்ஸ் உண்மையா என்று அதைக் கொடுத்த மாநில போர்டிடமே கேட்பார்கள். உங்கள் மேல் வழக்கோ தண்டனையோ இருக்கிறதா என்று நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்கில் பார்ப்பார்கள்.

இதில் தேறிய பிறகு கான்ட்ராக்ட் என்று இன்னொரு படி இருக்கிறது. எந்த செஷனுக்கு எவ்வளவு தருவார்கள் என்ற கட்டணப் பட்டியல் அதில்தான் வரும். நீங்களும் அவர்களும் கையெழுத்துப் போட்டு, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று எழுத்தில் வந்தால்தான் நீங்கள் இன்-நெட்வொர்க், அதாவது அந்தக் கம்பெனியின் பேனலில் இருப்பவர். பலரும் முதல் படியோடு எல்லாம் முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். அதனால் வரும் சிக்கலை 11-வது பதிலில் சொல்கிறேன்.

2. "இந்தத் தலைவலியே வேண்டாம், கேஷ் மட்டும் வாங்கிக்கறேன்னா தப்பா?"

தப்பே இல்லை, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பேஷண்ட் முழுக் கட்டணத்தையும் கட்டுவார், நீங்கள் சூப்பர்பில் என்ற விவரமான ரசீதைக் கொடுப்பீர்கள். அவருடைய பிளானில் அவுட்-ஆஃப்-நெட்வொர்க் வசதி இருந்தால், அதை வைத்து ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

ஆனால் எங்கள் கிளினிக்கில் போன் எடுப்பது நான். "உங்ககிட்ட தமிழ்ல பேசறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்கும் குரல் எப்போதும் கொஞ்சம் தணிந்துதான் வரும். இருக்கிறார்கள் என்றதும் அடுத்த கேள்வி, "எங்க இன்ஷூரன்ஸ் எடுப்பீங்களா?" இல்லை என்று சொன்னால், "சரிங்க, வீட்ல கேட்டுட்டு கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தவர்களில் திரும்பக் கூப்பிட்டவர் மிகக் குறைவு. தன் துக்கத்தைத் தாய்மொழியில் மட்டுமே சொல்லத் தெரிந்த ஒருவருக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பது இந்த ஒரு கேள்விதான். அதனால் ஒன்றிரண்டு பேனலிலாவது சேருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

3. "எங்கேருந்து ஆரம்பிக்கணும்? வரிசையா சொல்லுங்க."

முதலில் என்.பி.ஐ. எண், சிகிச்சை தருபவர்களுக்கான அடையாள எண். 10 இலக்கம். மத்திய அரசின் என்.பி.பி.இ.எஸ். தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். இதை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அடுத்தது ஐ.ஆர்.எஸ். என்ற வரித் துறையில் இ.ஐ.என். என்ற தொழில் வரி எண், அதுவும் இலவசம். தனியாளாக பிராக்டீஸ் செய்தாலும் இதை எடுங்கள். இல்லாவிட்டால் பணம் கேட்டுக் கம்பெனிக்கு நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கிளெய்மிலும் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் ஊர் சுற்றும்.

பிறகு மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ், சிகிச்சையில் தவறு என்று யாராவது வழக்குப் போட்டால் உங்களைக் காப்பது. பெரும்பாலான கம்பெனிகள் ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், வருடத்துக்கு 30 லட்சம் டாலர் கவரேஜ் எதிர்பார்க்கின்றன. இதெல்லாம் கையில் வந்த பிறகு, பல கம்பெனிகளும் பார்க்கும் சி.ஏ.க்யூ.எச். என்ற பொதுத் தளத்தில் உங்கள் முழு விவரத்தையும் ஏற்றுங்கள். கடைசியாக ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக விண்ணப்பம். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

4. "வீட்லேருந்து டெலிஹெல்த்தான் பண்றேன். வீட்டு அட்ரஸையே குடுத்துடலாமா?"

கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். என்.பி.ஐ. பதிவேட்டைத் திறந்து, தெரிந்த டாக்டர் யாராவது ஒருவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவருடைய முகவரியும் போன் எண்ணும் உங்கள் கண் முன்னால் வரும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மனநலத் துறையில் வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. கோபத்தில் இருக்கும் ஒரு பேஷண்டின் முன்னாள் கணவர் உங்கள் வாசலில் வந்து நிற்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள்.

தபால் முகவரிக்கு போஸ்ட் பாக்ஸ் போடலாம், பிராக்டீஸ் முகவரிக்குப் போட முடியாது. வாரத்தில் சில மணி நேரத்துக்கு மட்டும் அறை வாடகைக்குத் தரும் அலுவலகங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. முதல் நாளே அப்படி ஒரு முகவரியை எடுத்துவிடுங்கள். பின்னால் மாற்றுவதென்றால் ஒவ்வொரு கம்பெனியாகப் போய் மாற்ற வேண்டும்.

5. "என் டிகிரில இனிஷியல், லைசென்ஸ்ல அப்பா பேரு, சோஷியல் செக்யூரிட்டில வீட்டுக்காரர் பேரு. ஏதாவது பிரச்சினையா?"

நம்மவர்களின் ஃபைல் நின்றுபோவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான். டிகிரியில் எஸ். மீனாட்சி. லைசென்ஸில் மீனாட்சி சுப்பிரமணியன். கல்யாணத்துக்குப் பிறகு சோஷியல் செக்யூரிட்டி கார்டில் மீனாட்சி கார்த்திகேயன். நமக்கு ஒரே ஆள் என்று பார்த்ததுமே புரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு இது மூன்று பேர். போதாக்குறைக்கு, ஒரு தாளில் மீனாட்சியின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும்.

எந்தப் பெயர் உங்கள் பெயர் என்று முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள். சோஷியல் செக்யூரிட்டியில் அதைச் சரி செய்யுங்கள். பிறகு லைசென்ஸ், என்.பி.ஐ., மால்பிராக்டிஸ் சான்றிதழ், சி.ஏ.க்யூ.எச்., வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றையும் எழுத்துக்கு எழுத்து அதோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். பழைய டிகிரியை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். என்.பி.ஐ.யிலும் சி.ஏ.க்யூ.எச்.சிலும் "வேறு பெயர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பலர் காலியாக விட்டுவிடும் அந்தக் கட்டத்தில் பழைய பெயர்கள் எல்லாவற்றையும் எழுதி, திருமணச் சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள்.

6. "குழந்தைங்க சின்னதா இருந்தப்ப நாலு வருஷம் வேலைக்கே போகல, எச்-4ல இருந்தேன். அதை எப்படிக் காட்டறது?"

உள்ளது உள்ளபடி காட்டுங்கள். (எச்-4 என்பது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா.) கம்பெனிகள் கடந்த 5 வருட வேலை விவரத்தை மாதம், வருடத்தோடு கேட்கும். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒரு வருடத்தைத் தாண்டினால் எழுத்தில் கொடுக்க வேண்டும். என்.சி.க்யூ.ஏ. என்ற தர அமைப்பின் விதி இது, உங்களுக்காகப் போட்டதில்லை.

ஒருவர் இந்த இடைவெளியை வெட்கப்பட்டு மறைத்து, நண்பரின் கம்பெனியில் "பகுதி நேர ஆலோசகர்" என்று எழுதியிருந்தார். அனுப்பும் முன் என் கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று. வேலை பார்க்காத வருடங்களுக்காக உங்களை யாரும் நிராகரிக்க மாட்டார்கள், பொய் எழுதியதற்காக நிராகரிப்பார்கள். இரண்டு வரி போதும்: "2019 ஜூன் முதல் 2023 ஆகஸ்ட் வரை குழந்தைகளைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். என் விசாவில் அப்போது வேலைக்கு அனுமதி இல்லை." இவ்வளவுதான் நான் எழுதித் தருவேன். ஒரு கம்பெனியும் இதற்கு மேல் கேட்டதில்லை.

7. "இந்தியாவில படிச்ச டிகிரியை ஒத்துக்குவாங்களா?"

அந்தத் தடையை நீங்கள் லைசென்ஸ் வாங்கும்போதே தாண்டியிருப்பீர்கள். இந்திய எம்.எஸ்.டபிள்யூ. என்றால் சோஷியல் வொர்க் கல்விக் கவுன்சிலின் மதிப்பீடு, மனநல மருத்துவர் என்றால் இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ். அந்தத் தாள்களைப் பத்திரமாக ஸ்கேன் செய்து வைத்திருந்து, சி.ஏ.க்யூ.எச்.சில் ஏற்றிவிடுங்கள். படித்த தேதிகள் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

8. "எச்-1பில இருக்கேன். சைடுல சொந்தமா பிராக்டீஸ் ஆரம்பிக்கலாமா?"

இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்கள் விசாவைக் கேட்காமலே பேனலில் சேர்த்துவிடக்கூடும். அதனால் குடியேற்றச் சட்டம் அனுமதித்துவிட்டது என்று ஆகாது. எச்-1பி என்ற வேலை விசா உங்களுக்கு ஸ்பான்சர் செய்த இடத்தில் வேலை செய்ய மட்டுமே. எச்-4இல் இருப்பவருக்கு இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி இருந்தால் சொந்தத் தொழில் செய்யலாம். விண்ணப்பம் போடும் முன்பே இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

9. "சி.ஏ.க்யூ.எச். எல்லாம் ஃபில் பண்ணி மூணு மாசம் ஆச்சு. ஒரு கம்பெனிகிட்டேருந்தும் சத்தமே இல்லையே?"

சி.ஏ.க்யூ.எச். ஒரு அலமாரி மாதிரி. உங்கள் தாள்களை அடுக்கி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதை வந்து பாருங்கள் என்று நீங்கள்தான் ஒவ்வொரு கம்பெனிக்கும் விண்ணப்பம் போட வேண்டும். அந்தக் கம்பெனி உங்கள் விவரத்தைப் பார்க்கலாம் என்று சி.ஏ.க்யூ.எச்.சிலும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அப்புறம், 120 நாளைக்கு ஒருமுறை உள்ளே போய் "எல்லாம் சரி" என்று மறுபடி உறுதி செய்ய வேண்டும். தவறவிட்டால் அலமாரி பூட்டிக்கொண்ட மாதிரிதான்.

விண்ணப்பம் போட்ட பிறகும் சும்மா இருக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, பேசியவர் பெயர், தேதி, ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நானே கற்றுக்கொண்ட பாடம் இது. ஒரு தெரபிஸ்டின் புதிய மால்பிராக்டிஸ் சான்றிதழை நேரத்துக்கு ஏற்றிவிட்டேன். பக்கத்துக் கட்டத்தில் இருந்த பழைய காலாவதித் தேதியை மாற்ற மறந்துவிட்டேன். "குறைபாடுள்ள விண்ணப்பம்" என்று கம்பெனி அனுப்பிய மெயில் ஸ்பேமில் போய் விழுந்தது. பதினோரு வாரம் காத்திருந்த ஃபைலை மூடிவிட்டார்கள். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம். அந்தப் பெண் அந்த மாதங்களைச் சேமிப்பை வைத்து ஓட்டினாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனது கேட்காது.

10. "மொத்தம் எவ்வளவு நாள் ஆகும்? இருக்கற வேலையை எப்ப விடலாம்?"

பொதுவாக 60 முதல் 120 நாள். கலிஃபோர்னியாவில், 2023 ஜனவரியிலிருந்து, மனநலத் துறையினரின் முழுமையான விண்ணப்பம் கிடைத்த 60 நாளுக்குள் சரிபார்த்து முடிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. "முழுமையான" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் அந்தக் கணக்கு தொடங்காது. கான்ட்ராக்டுக்கு ஆகும் நாள் இதற்கு மேல்.

எஃபெக்டிவ் டேட், அதாவது கான்ட்ராக்ட் செல்லத் தொடங்கும் தேதி, போட்ட கடிதம் கையில் வரும் வரை வேலையை விடாதீர்கள்.

11. "அப்ரூவ் ஆயிடுச்சுன்னு மெயில் வந்தாச்சு. போன மாசம் பார்த்த பேஷண்ட்டுக்கும் சேர்த்து கிளெய்ம் போட்டுடலாமா?"

கூடாது. முதல் பதிலில் சொன்ன அந்தச் சிக்கல் இதுதான். "கமிட்டி அப்ரூவ் செய்தது" என்ற மெயில் முதல் படி மட்டும். கான்ட்ராக்டில் போட்டிருக்கும் எஃபெக்டிவ் டேட்தான் கணக்கு. தனியார் கம்பெனிகள் பொதுவாகப் பின்தேதி தருவதில்லை. அந்தத் தேதிக்கு முன் நடந்த செஷனுக்கு நீங்கள் அவுட்-ஆஃப்-நெட்வொர்க். அதைப் பேஷண்டிடம் முதல் நாளே சொல்லி, கட்டணத்தை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் முதியவர்களுக்கான மத்திய அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டும். விண்ணப்பம் போட்ட தேதிக்கு 30 நாள் முன்பு வரை பில் போட வழி இருக்கிறது.

செஷன் தேதியை மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒருவர் கேட்டார். அது மோசடி. லைசென்ஸே போகும்.

12. "நீ பேனல்ல வர்ற வரைக்கும் என் பேர்ல பில் போட்டுக்கலாம்னு கிளினிக் ஓனர் சொல்றாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாமே?"

எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மையில்லை. செய்தாலும் அது சரியாகிவிடாது. செஷனை நடத்தியவர் நீங்கள், கிளெய்மில் நடத்தியவராக இருப்பது அவர் பெயர். அது பொய்யான கிளெய்ம். ஆடிட் வந்தால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பார்கள், கேஸ் நோட்டில் கையெழுத்து உங்களுடையது என்பதால் உங்களையும் விசாரிப்பார்கள்.

இதில் உண்மையான விதிவிலக்கு ஒன்று உண்டு. முழு லைசென்ஸ் இன்னும் வராமல் சூப்பர்விஷனில் இருப்பவர்கள் நடத்தும் செஷனை, சூப்பர்வைசர் பெயரில் பில் போடச் சில பிளான்கள் அனுமதிக்கின்றன. அந்த அனுமதி அந்தந்த கம்பெனியின் கையேட்டில் எழுத்தில் இருக்கும். ஓனரிடம், "அந்தப் பக்கத்தை எனக்குக் கொஞ்சம் காட்டுங்க மேடம்" என்று மரியாதையாகக் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால், உங்களுக்கு பேனல் கிடைக்கும் வரை கேஷ் பேஷண்ட்களை மட்டும் பாருங்கள்.

13. "யுனைடெட்ல சேரலாம்னு போனா ஆப்டம்கிட்ட போங்கறாங்க. யார்கிட்டதான் அப்ளை பண்றது?"

மனநலப் பகுதியைப் பல கம்பெனிகள் தனிப் பிரிவிடம் விட்டிருக்கின்றன. யுனைடெட் ஹெல்த்கேருக்கு ஆப்டம், சிக்னாவுக்கு எவர்நார்த். ப்ளூ கிராஸ் ப்ளூ ஷீல்ட் என்பது ஒரே கம்பெனி இல்லை, ஊருக்கு ஊர் வேறு நிர்வாகம். நீங்கள் இருக்கும் மாநிலத்தில் சேர்ந்தால் போதும், வேறு மாநில ப்ளூ கிராஸ் கார்டு வைத்திருப்பவருக்கும் உள்ளூர் பிளான் வழியாகவே கிளெய்ம் போடலாம். எதில் முதலில் சேர்வது என்று குழப்பமாக இருந்தால், உங்கள் பகுதியில் நம்மவர்கள் அதிகம் வேலை பார்க்கும் கம்பெனிகள் எந்த இன்ஷூரன்ஸ் தருகின்றன என்று பத்துப் பேரிடம் விசாரியுங்கள். கார்டின் பின்பக்கத்தில் மனநலத்துக்கென்று தனி போன் எண் இருந்தால், அது யாருடைய எண் என்று பாருங்கள்.

14. "பேனல் மூடியாச்சு, ஆள் போதும்னு லெட்டர் வந்துடுச்சு. அவ்வளவுதானா?"

அதோடு விட்டுவிடாதீர்கள். மேல்முறையீட்டுக் கடிதம் எழுதுங்கள். நல்ல தெரபிஸ்ட், அனுபவசாலி என்று உங்களைப் பற்றி எழுதினால் அவர்களுக்கு உறைக்காது. அவர்களிடம் இல்லாதது எது, அது உங்களிடம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அவர்களுடைய டைரக்டரியிலேயே உட்கார்ந்து, உங்கள் ஜிப் கோடைப் போட்டு, மொழி தமிழ் என்று தேடுங்கள். எத்தனை பெயர் வந்தது? அதில் புதிய பேஷண்ட் எடுப்பவர் எத்தனை பேர்? போன் செய்தே பார்த்துவிட்டு, அந்த எண்ணிக்கையைத் தேதியோடு கடிதத்தில் போடுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, முதியவர்கள், மாலை நேர செஷன் என்று வேறு எது இருந்தாலும் சேருங்கள்.

மனநலச் சிகிச்சையை உடல் சிகிச்சையைவிடக் கடுமையாக நடத்தக் கூடாது என்று 2008-இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. நெட்வொர்க்கில் ஆள் சேர்க்கும் விதிகளும் அதற்குள் வரும். கடிதத்தில் அதை மிரட்டலாக எழுத வேண்டாம், ஒரு வரி நினைவூட்டினால் போதும். பதில் வராவிட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி போடுங்கள். அதற்குள் அந்த இன்ஷூரன்ஸ் வைத்திருக்கும் ஒருவர் உங்களிடம்தான் வர வேண்டிய நிலை என்றால், சிங்கிள் கேஸ் அக்ரிமென்ட் கேட்கலாம். அந்த ஒரு பேஷண்டுக்கு மட்டும் கம்பெனி உங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. பேஷண்டும் தன் பக்கத்திலிருந்து போன் செய்து கேட்டால் சீக்கிரம் நடக்கிறது.

15. "ஹெட்வே, ஆல்மா மாதிரி கம்பெனி வழியா போனா சீக்கிரம் ஆயிடுமாமே?"

ஆகும். தெரபிஸ்ட்களைத் தங்கள் கான்ட்ராக்டின் கீழ் பேனலில் சேர்த்துவிடும் இடைநிலைக் கம்பெனிகள் இவை, பில்லிங் வேலையும் குறையும். ஆனால் கான்ட்ராக்ட் அவர்களுடையது. அங்கிருந்து விலகினால் அந்த பேனலும் போய்விடும், சொந்தமாக மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். தொடக்கத்துக்கு இதில் போய்க்கொண்டே, பக்கத்தில் ஒன்றிரண்டு கம்பெனிகளில் சொந்தமாகவும் போட்டு வைப்பதுதான் என் யோசனை.

16. "நான் எல்.பி.சி.தான். வயசான அப்பா அம்மாக்களைப் பார்க்க ஆசை. மெடிகேர்ல எங்களைச் சேர்ப்பாங்களா?"

இப்போது சேர்க்கிறார்கள். உங்களைப் போன்ற எல்.பி.சி. (லைசென்ஸ்டு புரொஃபஷனல் கவுன்சலர்) மென்டல் ஹெல்த் கவுன்சலர் கணக்கில்தான் வருவார். 2024 ஜனவரி 1 முதல் மென்டல் ஹெல்த் கவுன்சலர்களும் மேரேஜ் அண்ட் ஃபேமிலி தெரபிஸ்ட்களும் மெடிகேரில் நேரடியாக பில் போடலாம். மாஸ்டர்ஸ் முடித்த பிறகு சூப்பர்விஷனில் 2 வருடம் அல்லது 3,000 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். கட்டணம் சைகாலஜிஸ்டுக்குத் தருவதில் 75 சதவீதம். விண்ணப்பம் பீகாஸ் என்ற அரசுத் தளத்தில். சி.ஏ.க்யூ.எச். இதற்கு உதவாது.

நம் சமூகத்துக்கு இது பெரிய வாசல். கிரீன் கார்டில் வந்து 5 வருடம் தொடர்ந்து இங்கே இருந்த, 65 வயது நிறைந்த பெற்றோர் பிரீமியம் கட்டி மெடிகேர் எடுத்துக்கொள்ளலாம். பகல் முழுதும் பூட்டிய வீட்டில் பேச ஆளில்லாமல் இருக்கும் எத்தனையோ அம்மாக்கள் எங்களுக்கே போன் செய்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: மெடிகேர் வைத்திருப்பவரிடம், நீங்கள் அதில் சேரவில்லை என்ற காரணத்தைச் சொல்லிக் கேஷ் வாங்கிவிட முடியாது. மெடிகேரிலிருந்து விலகுவதாக முறைப்படி ஆப்ட்-அவுட் பத்திரம் கொடுத்து, பேஷண்டோடு தனி ஒப்பந்தமும் போட்டிருக்க வேண்டும். அந்த ஆப்ட்-அவுட் 2 வருடத்துக்குச் செல்லும். 2-வது பதிலில் கேஷ் வாங்கலாம் என்று சொன்னது இவர்களுக்குப் பொருந்தாது.

17. "சைபாக்ட் இருக்கு. டெக்சாஸ்ல இருக்கற பேஷண்டை என் பேனல்லயே பார்க்கலாமா?"

சைபாக்ட் என்ற மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் சைகாலஜிஸ்டுக்கு மாநில எல்லை தாண்டி செஷன் நடத்தும் உரிமையைத் தருகிறது. பணம் கொடு என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கட்டாயப்படுத்தாது. முதல் செஷனுக்கு முன் அந்தப் பிளானிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

18. "எல்லாத்துலயும் சேர்ந்தாச்சு. இனிமே நிம்மதிதானே?"

பெரும்பாலும் நிம்மதிதான். 9-வது பதிலில் சொன்ன 120 நாள் உறுதிமொழி தொடரும். தனியார் கம்பெனிகள் 3 வருடத்துக்கு ஒருமுறையும், மெடிகேர் 5 வருடத்துக்கு ஒருமுறையும் மறுபடி சரிபார்க்கும். முகவரியோ பெயரோ மாறினால் 30 நாளுக்குள் என்.பி.ஐ.யில் மாற்ற வேண்டும். டைரக்டரியில் இருக்கும் உங்கள் விவரம் சரிதானா என்று 90 நாளைக்கு ஒருமுறை கம்பெனி கேட்டு அனுப்பும், அதற்குப் பதில் போடாமல் விட்டால் உங்கள் பெயரையே எடுத்துவிடக்கூடும்.

அந்தக் கேள்வி வரும்போது அவசரத்தில் "ஆம்" என்று தட்டிவிட்டுப் போகாமல், உங்கள் பக்கத்தைத் திறந்து மொழி என்ற கட்டத்தைப் பாருங்கள். எங்கள் தெரபிஸ்ட் ஒருவருடைய பக்கத்தில் ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது. இரண்டு வருடமாக நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை தமிழைச் சேர்த்தேன். அடுத்த வாரம் எடிசனிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்து, "அம்மா, இங்க தமிழ்னு போட்டிருக்கே, நிஜந்தானா?" என்று கேட்டார். வியாழக்கிழமை நாலு மணிக்கு அவருக்கு நேரம் கொடுத்தேன்.